கேஸ் இருக்கும்

மூன்று வருடமாக ஒரு ஜெர்மன் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபெர்ஃபூக்பார். ‘கைவசம் இருப்பது’ என்று பொருள். கடையில் சரக்கு இருக்கிறதா, விடுதியில் அறை காலியா, ஆள் ஓய்வாக இருக்கிறாரா, எதைக் கேட்டாலும் இந்தச் சொல் வந்துவிடும். அவ்வளவு சாதாரணமான சொல். நாஜிகளின் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இது ஒருவகைப் பெண்களுக்குப் பெயராக இருந்தது. தொழிற்சாலையிலோ தையல்கூடத்திலோ சமையலறையிலோ பெயர் பதியப்படாதவள். அதனால் யார் வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டுபோய் மண் சுமக்க விடலாம், கரி இறக்க விடலாம், பாதை போடும் இரும்பு உருளையை இழுக்க விடலாம். அவள்தான் ஃபெர்ஃபூக்பார்.

தமிழில் என்ன போடுவது? முதலில் ‘எடுபிடி’ என்று எழுதினேன். எடுபிடிக்கு ஓர் எஜமானாவது உண்டு, இவளுக்கு அதுவும் இல்லை. ‘கையிருப்பு’ பொருளுக்குப் பொருந்துகிறது, ஆனால் வாயில் வைத்துப் பாட முடியாது. இப்போது ‘உதிரி’யில் வந்து நிற்கிறேன். பூக்கடையில் கட்டாத பூவுக்கு உதிரி என்றுதான் பேர். எந்தச் சரத்திலும் சேராதது, கை நிறைய அள்ளிக் கொடுத்துவிடக்கூடியது. இது பாட்டுக்குள் உட்காரும் சொல்லாகவும் இருக்கிறது.

பாட வேண்டியிருப்பதால்தான் இத்தனை யோசனை. நான் சொல்லவருவது ஒரு பாட்டு நாடகத்தைப் பற்றி. 1944 அக்டோபரில், ராவென்ஸ்ப்ரூக் முகாமுக்குள்ளேயே, ஒரு மரப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, ஜெர்மேன் தில்லியோன் என்ற கைதி எழுதியது. ‘நரகத்தில் ஃபெர்ஃபூக்பார்’ என்று தலைப்பு. ஓஃபென்பாக்கின் ‘நரகத்தில் ஆர்ஃபியஸ்’ என்ற புகழ்பெற்ற ஆப்பெரெட்டாவின் தலைப்பைப் பகடி செய்தது. எழுதப்பட்ட இடத்தில் அது மேடை ஏறவில்லை, ஏறியிருக்கவும் முடியாது. எழுதிய தாள் கையில் சிக்கினாலே உயிர் மிஞ்சாது. ராத்திரியில் பங்க் கட்டில்களுக்கு நடுவே முணுமுணுப்பாகப் படித்துக் காட்டினார், தோழிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கூடவே பாடினார்கள். அந்த நாடகத்துக்கு முதல் அரங்கம் அதுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள். பாரிஸிலிருந்து வந்த ஒரு சிநேகிதி புத்தகத்தைக் கொடுத்தபோது, முகாமைப் பற்றிய நாடகம் என்பதால் ஒரு மாதம் தொடவில்லை. மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு படிக்கலாம் என்று தள்ளிவைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் திறந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்ததும் புத்தகத்தை மூடினேன். சிரித்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மூன்று வருடமாக என்னை இதோடு கட்டிப்போட்டிருக்கிறது.

தில்லியோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1907இல் பிறந்தவர், மானுடவியலாளர், மார்செல் மோஸின் மாணவி. 1934 முதல் 1940 வரை நான்கு முறை அல்ஜீரியாவின் ஓரெஸ் மலைக்குப் போய், ஷாவியா மக்களோடு தங்கி, யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கல்யாணமுறை என்று நோட்டு நோட்டாக எழுதியவர். 1940 ஜூனில் பிரான்ஸ் திரும்பினால் நாடே விழுந்து கிடக்கிறது. உடனே எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கிவிட்டார். பாரிஸில் மனித அருங்காட்சியகத்தைச் சுற்றி உருவான குழுவோடு அவருக்குத் தொடர்பு. அந்தக் குழுவில் ஏழு ஆண்களை 1942 பிப்ரவரி 23 அன்று மோன்-வலேரியன் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 13 அன்று, கார் த லியோன் ரயில் நிலையத்தில் இவரும் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவன் ஒரு பாதிரியார், ரொபேர் அலெஷ். ஜெர்மன் உளவுத்துறையிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே எதிர்ப்பு இயக்கத்தவர்களிடம் நல்லவனாகப் பழகியவன். போருக்குப் பிறகு அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை, விட்டுவிடுகிறேன்.

சிறையில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்துவிட்டு, 1943 அக்டோபரில் ராவென்ஸ்ப்ரூக்குக்கு அனுப்பினார்கள். பெர்லினுக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர், ஃபூர்ஸ்டன்பெர்க் என்ற ஊரின் ஏரிக்கரை. 1939இல் பெண்களுக்கென்றே தொடங்கிய முகாம். 1945 வரைக்கும் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 1,20,000 பேரின் பெயர் அங்கே பதிவாகியிருக்கிறது. தில்லியோன் ‘இரவும் மூடுபனியும்’ வகைக் கைதி. வெளியே யாருக்கும் தகவல் போகாது, கடிதம் கிடையாது, பொட்டலம் கிடையாது, ஆளே காற்றில் கரைந்துபோன மாதிரி இருக்க வேண்டும். எழுதி முடிக்கும் நிலையில் இருந்த ஓரெஸ் ஆய்வைக் கூடவே பெட்டியில் கொண்டுபோயிருந்தார். அதைப் பறித்துக்கொண்டார்கள். பத்து வருட உழைப்பு அந்த வாசலோடு போயிற்று.

இங்கேதான் அந்த மனுஷியின் குணம் தெரிகிறது. ஆய்வு போனால் என்ன, இதோ எதிரிலேயே இன்னொரு சமூகம் இருக்கிறதே என்று முகாமையே ஆராயத் தொடங்கிவிட்டார். அலுவலகங்களில் எழுத்து வேலைக்கு வைத்திருந்த கைதிகளிடமிருந்து துணுக்குத் துணுக்காகத் தகவல் சேர்த்தார். எந்தத் தொழிற்சாலைக்கு எத்தனை பெண்கள், ஒரு நாளைக்கு ஒரு தலைக்கு என்ன வாடகை, சோற்றுக்கு என்ன செலவு, எத்தனை மாதத்தில் ஒருத்தி செத்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. 1944 மார்ச்சில் தோழிகளைக் கூட்டிவைத்து இதை ஒரு விரிவுரையாகவே நடத்தினார். நாம் சாவது யாருடைய வெறியாலும் மட்டுமல்ல, ஒரு கணக்குப்படி சாகிறோம், அந்தக் கணக்கு இதுதான் என்று சொன்னார். கேட்டவர்களுக்கு அது திகிலாக இருந்திருக்கும் என்று நினைப்போம். அந்தப் பெண்கள் பின்னாளில் சொன்னது வேறு. புரிந்தபோது பலம் வந்தது என்றார்கள். காரணம் தெரியாமல் அடி வாங்குவதைவிடக் காரணம் தெரிந்து வாங்குவது மேல்.

நாடகம் அந்த விரிவுரையிலிருந்து முளைத்ததுதான். அதை ஒரு சிரிப்புத் துணுக்குத் தோரணமாகப் படித்தால் தப்பு. அது ஒரு வகுப்பு. சிரிப்பு அதற்குள் அடக்கம்.

மேடையில் முதலில் வருபவர் ஓர் இயற்கையியல் பேராசிரியர். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விலங்கினத்தைச் சபைக்கு அறிமுகப்படுத்துகிறார். இனத்தின் பெயர் ஃபெர்ஃபூக்பார். பிறப்பு எப்படி? ஓர் ஆண் கெஸ்டபோவும் ஒரு பெண் ரெசிஸ்டன்ஸும் கூடியதால் பிறந்தது. நான் சிரித்த இடம் இதுதான். கெஸ்டபோ நாஜிகளின் ரகசியப் போலீஸ், ரெசிஸ்டன்ஸ் என்றால் எதிர்ப்பு. பிரெஞ்சில் அந்தச் சொல்லே பெண்பால். இலக்கணமே பாதி நகைச்சுவையைச் செய்துவிடுகிறது. தமிழில் எதிர்ப்புக்குப் பால் கிடையாது. அது அஃறிணை, அது பாட்டுக்கு நிற்கும். என்ன முட்டினாலும் இந்த ஒரு வரி இன்னும் வழிக்கு வரவில்லை.

பேராசிரியர் அந்த இனத்தின் உடல் அமைப்பை விளக்குகிறார், உணவைச் சொல்கிறார், பழக்கவழக்கங்களைச் சொல்கிறார். அந்த இனமோ மேடையிலேயே, அவர் பின்னாலேயே நிற்கிறது. கோரஸாக நிற்கும் பெண்கள் அவரைப் பேச விடுவதில்லை. இடையில் புகுந்து திருத்துகிறார்கள், எதிர்க்கேள்வி கேட்கிறார்கள், பாட்டை எடுத்துவிடுகிறார்கள். அவருக்குக் கோபம் வருகிறது. விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறார், திரும்ப ஒருத்தி குறுக்கே வருகிறாள். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ராஜா என்ன பெருமை அடித்துக்கொண்டாலும் பக்கத்தில் நின்று வாயைக் கிண்டுகிற கட்டியங்காரன் நமக்குப் பழக்கமானவன்தானே. இங்கே பத்துப் பன்னிரண்டு கட்டியங்காரிகள். சேர்ந்துகொண்டு ஒரு பேராசிரியரைச் சுற்றி வளைக்கிறார்கள்.

இந்த நாடகத்தில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். கொடியும் முழக்கமும் அதில் இல்லை. மனிதர்களை இனம் பிரித்து, தரம் பிரித்து, சட்டையில் முக்கோணம் தைத்து, இவள் இந்த வகை என்று எழுதிவைத்த அரசாங்கம் அது. வகைப்படுத்தப்பட்டவள் வகைப்படுத்துகிறவனைப் பார்த்து, இல்லை ஐயா, நீங்கள் சொல்வது தப்பு, எங்களுக்குத் தெரியும் என்கிறாள். ஆராயப்படும் பொருள் வாய் திறக்கிறது. தில்லியோன் தன் சொந்தத் தொழிலையும் இதில் விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஓரெஸ் மலையில் நோட்டும் பென்சிலுமாக எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவர். இப்போது நோட்டின் மறுபக்கத்தில் இருக்கிறார். அந்தப் பேராசிரியருக்குள் பழைய தில்லியோனும் கொஞ்சம் இருக்கிறார்.

‘உதிரி’யாக இருப்பதே அவர் தேர்ந்தெடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் பெயர் கொடுத்தால் தலைக்கு மேல் கூரை இருக்கும். முகாமை ஒட்டியே சீமென்ஸ் நிறுவனத்தின் கூடங்கள் இருந்தன. ஆனால் அங்கே செய்யும் ஒவ்வொரு கருவியும் தன் நாட்டுக்காரர்கள் தலையில் விழும். அதனால் அந்த வேலைகளில் சேராமல் நழுவுகிறவர்கள் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். காலை அணிவகுப்பில் பின்வரிசையில் மறைவது, கூரைக்கடியில் பதுங்குவது, பிடிபட்டால் அன்றைக்குக் கிடைக்கும் வேலையைக் கடனே என்று செய்வது. மாட்டிக்கொண்டால் அடி. அக்டோபரில் அவர் சரக்கு இறக்கும் குழுவில் இருந்தார். ஐரோப்பா முழுக்கக் கொள்ளையடித்த சாமான்கள் ரயில் பெட்டிகளில் வந்து குவியும், அதைப் பிரித்து அடுக்க வேண்டும். தோழிகள் அவர் பங்கு வேலையையும் தாங்களே இழுத்துப்போட்டுக்கொண்டு, காலியான ஒரு சிப்பப் பெட்டிக்குள் அவரை உட்கார வைத்தார்கள். எழுது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. பசித்த உடம்புகள், ஆளுக்கு ஒரு மூட்டை அதிகம். ஒரு நாடகத்துக்கு இதைவிடப் பெரிய தயாரிப்புச் செலவு எங்கும் ஆகியிருக்காது.

மெட்டெல்லாம் கடன். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று தலைப்பில் போட்டிருக்கும் இல்லையா, அதே வழக்கம். சினிமாப் பாட்டு, குழந்தைப் பாட்டு, ரேடியோ விளம்பரம், ஆப்பெரா என்று எது வாயில் வந்ததோ அது. தோழிகளும் ஆளுக்கொரு பாட்டும் வரியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். க்ளுக்கின் ஆப்பெராவில் ஆர்ஃபியஸ், என் யூரிடிஸை இழந்தேன் என்று உருகிப் பாடுவான். இங்கே ஒருத்தி அதே மெட்டில், என் ‘இன்னன்டீன்ஸ்ட்’டைத் தொலைத்தேன், என் துக்கத்துக்கு ஈடில்லை என்று பாடுகிறாள். பிளாக்குக்குள்ளேயே, அதாவது கைதிகளின் கொட்டகைக்குள்ளேயே, இருக்க அனுமதிக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு போனால் குளிரில் வெளிவேலை, வெளிவேலை என்றால் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. மனைவியை இழந்தவனின் பாட்டு ஒரு துண்டுச் சீட்டுக்குப் பொருந்திப்போகிறது. பகடிக்காகச் செய்ததுதான், ஆனால் துக்கத்தின் அளவில் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

ஓரிடத்தில் பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரான்ஸ் முழுக்கச் சாப்பாட்டு யாத்திரை போவார்கள். இந்த ஊரில் இதைச் சாப்பிட்டோம், அடுத்த ஊரில் அதைச் சாப்பிடுவோம் என்று வெண்ணெயும் மதுவும் பாலாடைக்கட்டியுமாக வரும். பட்டினி கிடந்தவர்கள் எல்லா முகாம்களிலும் சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டு இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். தில்லியோன் அதையும் ஆயுதமாக்கினார். முகாமை நடத்திய எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர்களின் பெயர்களைச் சங்கேதமாகச் சமையல் குறிப்புகளுக்குள் ஒளித்து எழுதி வைத்துக்கொண்டார். சோதனையில் எடுத்தால் ஏதோ பசித்தவளின் கிறுக்கல். வெளியே வந்தால் குற்றப்பத்திரிகை.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

நாடகத்தில் ஒருத்தி சலித்துப்போய்ச் சொல்கிறாள், நான் ஒரு மாதிரி முகாமுக்குப் போய்விடுவேன், அங்கே எல்லா வசதியும் இருக்கும், தண்ணீர், கேஸ், மின்சாரம். கோரஸ் எடுத்துக்கொடுக்கிறது: கேஸ்தான் முக்கியமா இருக்கும்.

பாரிஸின் பழைய கட்டடங்களில் ‘எல்லா மாடியிலும் கேஸ்’ என்று நீல நிற எனாமல் பலகை அடித்திருப்பார்கள். வீடு பார்க்கப் போகிறவர் முதலில் கவனிப்பது அது. அந்தப் பலகையை நினைத்துத்தான் அந்த வரி. தமிழில் இதற்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. வாடகை வீடு தேடும்போது நாமும் அதே மூன்றைத்தானே கேட்கிறோம். தண்ணி வருமா, கரண்டுக்குத் தனி மீட்டரா, கேஸ் கனெக்‌ஷன் இருக்கிறதா. அதே சொல், அதே ஓசை. முழு நாடகத்திலும் இந்த ஒரு வரிதான் நான் மொழிபெயர்க்காமலே தமிழாகிவிட்டது. அது வந்து விழுந்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

ஏனென்றால் தேதி. இதை எழுதியபோது 1944 அக்டோபர். நோயாளிகளையும் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு முகாமிலிருந்து கிளம்பிய வண்டிகளைக் ‘கறுப்பு வண்டி’ என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை, அவர்கள் உடைகள் மட்டும் திரும்பின. அதனால் கேஸ் என்றால் என்னவென்று அந்தக் கோரஸுக்குத் தெரியும். ஆனால் ராவென்ஸ்ப்ரூக்கிலேயே அப்போது விஷவாயுவால் ஆளைக் கொல்லும் கேஸ் அறை கிடையாது. 1945 தொடக்கத்தில், பிணம் எரிக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அங்கே மட்டும் 5,000 முதல் 6,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது கணக்கு. அதற்கு முன்பாக வயதானவர்களுக்கும் பலவீனமானவர்களுக்கும் இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். இந்தச் சீட்டு இருந்தால் வேலை கிடையாது, ஓய்வுதான் என்றார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. பிறகு சீட்டு வைத்திருந்தவர்களை உக்கர்மார்க் என்ற பக்கத்து முகாமுக்கு மாற்றினார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலில் ‘மிட்வெர்டா ஓய்வு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்’ என்று எழுதினார்கள். மிட்வெர்டா என்று ஒரு முகாமே கிடையாது. நாடகத்தில் வந்த ‘மாதிரி முகாம்’ நான்கு மாதத்துக்குள் நிஜத்தில் ஒரு பெயரோடு வந்துவிட்டது.

தில்லியோனின் அம்மாவும் அதே முகாமில்தான் இருந்தார். எமிலி தில்லியோன், கலை வரலாறு எழுதியவர், மகளோடு சேர்ந்து எதிர்ப்பு வேலை செய்தவர். 1944 பிப்ரவரியில் ராவென்ஸ்ப்ரூக் வந்து சேர்ந்தார். தலை முழுக்க வெள்ளை முடி. 1945 மார்ச் 2 அன்று, யாரைக் கொல்வது என்று பொறுக்கியெடுக்கும் ஒரு தெரிவு நடந்தது. ஜெர்மேன் அன்றைக்குத் தாடையில் சீழ் கட்டிக் காய்ச்சலோடு மருத்துவக் கூடத்தில் கிடந்தார். மார்கரெட்டே பூபர்-நாய்மன் என்ற ஜெர்மன் கைதி தன் படுக்கையில், போர்வைக்குள், தன் கால்களுக்கடியில் அவரை மறைத்துவைத்தார். இந்த மார்கரெட்டே முதலில் ஸ்டாலினின் கசகஸ்தான் முகாமில் அடைபட்டிருந்து, 1940இல் சோவியத்துகளாலேயே நாஜிகளிடம் ஒப்படைக்கப்பட்டவர். இரண்டு பக்கத்து நரகமும் பார்த்தவர். மகள் போர்வைக்கடியில் மூச்சடக்கிக் கிடந்த அதே நேரத்தில் அம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்கு வயது 69.

கேஸ்தான் முக்கியமா இருக்கும்.

இதற்கு மேல் அந்த வரியை எப்படிப் படிப்பது? இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. எழுதியவர் அதை அடிக்கவில்லை. நோட்டு வெளியே வந்தது, 2005இல் முழுதாக அச்சில் வந்தது, அந்த வரி அப்படியே இருக்கிறது. அம்மா போனபிறகு அந்த வரியைத் திரும்பப் பார்க்க அவருக்கு அறுபது வருடம் இருந்தது.

நோட்டு தப்பிய கதையையும் சொல்கிறேன். 1945 ஏப்ரல் 23 அன்று ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகள் பிரெஞ்சுக் கைதிகள் சிலரை ஏற்றிக்கொண்டு போயின. சோதனை இருக்கலாம் என்ற பயத்தில் சாமான்களைப் பங்கு பிரித்தார்கள். நாடக நோட்டை ஜாக்லின் தாலென்கூர் என்ற தோழி எடுத்துக்கொண்டார். தில்லியோன் எடுத்துவைத்துக்கொண்டது கழுவாத ஒரு ஃபிலிம் சுருள். அதில் ‘முயல்கள்’ இருந்தார்கள். எஸ்.எஸ். தலைவன் ஹிம்லரின் மருத்துவர் கார்ல் கெப்ஹார்ட் சோதனைக்காகக் கால்களைக் கிழித்துக் கிருமி ஏற்றிய போலந்துப் பெண்களுக்கு முகாமில் அந்தப் பேர்தான். அவர்கள் 74 பேர். 1944 அக்டோபரில், அதே மாதத்தில்தான், எப்படியோ கிடைத்த ஒரு கேமராவால் பிளாக்குக்குப் பின்னால் நின்று தங்கள் கால்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள். 1945 பிப்ரவரியில் அவர்களைத் தீர்த்துவிட உத்தரவு வந்தபோது, முகாமே சேர்ந்து அவர்களை ஒளித்தது. அணிவகுப்பு நேரத்தில் விளக்குகள் அணைந்தன. சோவியத் பெண் கைதிகளின் கைவேலை. அவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் இருட்டில் கூட்டத்தில் கரைந்துபோனார்கள். ஒரே அக்டோபரில் ஒரு பக்கம் கேமரா, ஒரு பக்கம் நோட்டு. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே நடந்தது இது, நாங்கள் பார்த்தோம், குறித்துக்கொண்டோம்.

தான் எப்படிப் பிழைத்தேன் என்று தில்லியோன் எழுதியிருக்கிறார். முதலாவது தற்செயல். அப்புறம் கோபம், இந்தக் குற்றங்களை அம்பலப்படுத்த வேண்டும் என்ற உறுதி. கடைசியாக நட்பின் கூட்டணி. ராவென்ஸ்ப்ரூக் பற்றி 1946, 1973, 1988 என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைத்த சான்றுகளோடு திருத்தித் திருத்தி எழுதினார். நாடகம் மட்டும் அலமாரிக்குள் இருந்தது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வதைமுகாமில் பாட்டும் சிரிப்புமா, அப்படியென்றால் அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஒரு சிரிப்பைச் சரியாகக் கேட்கும் காது உருவாக அறுபது வருடம் ஆனது.

2007 ஜூன் 2, 3 தேதிகளில் பாரிஸின் ஷாத்லே அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. மே 30 அன்றுதான் அவருக்கு 100 வயது நிறைந்திருந்தது. கையெழுத்துப் பிரதியில் ஸ்வரக் குறிப்பு எதுவும் கிடையாது, வரிகள் மட்டுமே. இசையமைப்பாளர் கிறிஸ்டோஃப் மொதோ அந்தப் பழைய மெட்டுகளை வைத்து இசையைக் கட்டிக்கொடுத்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் தில்லியோன் காலமானார். 2015 மே 27 அன்று, பிரான்ஸ் தன் பெருமக்களைக் கௌரவிக்கும் நினைவிடமான பந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பெட்டிக்குள் அவர் உடல் இல்லை, அவர் கல்லறை மண் மட்டும். உடலை எடுக்கக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. ராவென்ஸ்ப்ரூக்கில் கூட இருந்த ஷெனெவியேவ் த கோல்-அந்தோனியோஸுக்கும் அன்றைக்கே, அதே மாதிரி, மண் நிரப்பிய பெட்டி.

போன அக்டோபரில் பெர்லினில் வேலை செய்யும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ராவென்ஸ்ப்ரூக் போக வேண்டும் என்றதும், “எதுக்குக்கா, லீவுல வந்துட்டு” என்றான். ஆனாலும் கூட வந்தான். ரயிலில் ஒரு மணி நேரம். ஃபூர்ஸ்டன்பெர்க் நிலையத்திலிருந்து நடந்தோம். ஏரி எதிர்பாராத அழகு. அக்கரையில் ஊரும் மாதாகோயில் கோபுரமும் தெளிவாகத் தெரிகின்றன. இங்கிருந்து அது தெரிகிறது என்றால் அங்கிருந்து இதுவும் தெரிந்திருக்கும் என்று தம்பிதான் சொன்னான். எரித்தவர்களின் சாம்பலை இந்த ஏரியில்தான் கொட்டினார்கள்.

உள்ளே பிளாக்குகள் இல்லை. கறுப்புச் சரளை விரித்த பெரிய வெட்டவெளி. கட்டடம் இருந்த இடங்களில் தரை கொஞ்சம் பள்ளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தப் பாதை போடும் உருளை இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. இழுக்கும் கம்பியில் கையை வைத்தேன். அக்டோபர் குளிரில் இரும்பு கடித்தது. கையுறையை மாட்டிக்கொள்ளத் தோன்றியது, மாட்டிக்கொள்ளவில்லை. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சொல்லின் எடை இது என்று அப்போதுதான் தெரிந்தது. தம்பி தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. ஒன்றும் பேசாமல் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஊர் திரும்பியதும் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் என் வரைவைப் படித்துக் காட்டினேன். ஒன்பது பெண்கள், எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. முன்கதை எதுவும் சொல்லாமல், ஒரு முகாமுக்குள் கைதிகள் எழுதிய பாட்டு நாடகம் என்று மட்டும் சொன்னேன். கெஸ்டபோ வரியில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்தது, பாதிப் பேருக்குப் புரியவில்லை. பேராசிரியரை மடக்கும் இடங்களில் எல்லோரும் சிரித்தார்கள், அது எனக்குத் தெம்பாக இருந்தது. சாப்பாட்டு யாத்திரையில் ஒருத்தி, “மிஸ், பசிக்குது” என்றாள். பிறகு அந்த வரி. தண்ணி இருக்கும், கரண்ட் இருக்கும், கேஸ் இருக்கும். முன்வரிசையில் இருந்தவள் பட்டென்று சிரித்தாள். கோரஸ் வரியைப் படித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேதிகளைச் சொன்னேன். அக்டோபர், ஜனவரி, மார்ச் 2. எமிலியின் வெள்ளை முடியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் அதே பெண் கேட்டாள்: “நாங்க சிரிக்கணும்னுதானே மிஸ் எழுதியிருக்காங்க?”

ஆமாம் என்றேன். மூன்று வருடமாக எனக்குள்ளே இருந்த கேள்விக்கு அவ்வளவு சீக்கிரம் ஆமாம் வந்துவிட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

படிக்க வேண்டாம், பாடலாம் என்றார்கள். அதுவும் நியாயம்தான், அது பாட்டு நாடகம். ஆனால் க்ளுக்கின் மெட்டு இங்கே யாருக்கும் தெரியாது, தெரியாத மெட்டில் பகடி எடுபடாது. தில்லியோன் செய்ததையே செய்ய வேண்டும், வாயில் ஏற்கெனவே இருக்கும் பாட்டை எடுக்க வேண்டும். சீட்டைத் தொலைத்தவளின் பாட்டுக்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி பாட்டியிடம் கேட்ட ஒப்பாரியை எடுத்துவிட்டாள். வரி பொருந்தியது, ஆனால் சிரிப்பு போய்விட்டது. இன்னொருத்தி ஒரு சோப்பு விளம்பரத்தைப் பாடினாள். சிரிப்பு வந்தது, துக்கம் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து நிற்கிற மெட்டு ஒன்று வேண்டும். மணி எட்டரை ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். மாடிப்படி இறங்கும்போதும் ஒருத்தி, ‘சீட்டத் தொலைச்சேன்... சீட்டத் தொலைச்சேன்...’ என்று வெவ்வேறு மெட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.